கூரையில்லாத வண்டியும் நிழலில்லாத சாலையும்

அலுவலிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், அவர்கள் பேச்சு ஒரு முறைப்படியே நடக்கும். முதலில் உடம்பைப் பற்றிய விசாரணை. அடுத்து ஓய்வூதியம், அகவிலைப்படி, தாம் உயிரோடிருப்பதைத் தாமே ஆண்டுதோறும் மெய்ப்பிக்க வேண்டிய அந்த விந்தையான சான்றிதழ். அதன் பின்பு மழை. மழையைப் பற்றிய பேச்சு வந்துவிட்டால் எளிதில் முடிவதில்லை. திண்டுக்கல்லில் இது மிகவும் உண்மை. வெயில் தாழ்ந்த பின்னர் மலைக்கோட்டை அடிவாரத்தில் உலாவ வருகின்ற பெரியவர்கள், சிறுமலையின்மேல் மேகம் கூடிற்றா, ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்பவற்றை அலசி ஆராய்ந்துவிட்டுத்தான் வேறு பொருளுக்குச் செல்வார்கள்.

அந்த வேறு பொருள் பெரும்பாலும் வண்டியாக இருக்கும். இதில் வியப்பில்லை. இவர்களிற் பலர் இரயிலிலும் பேருந்திலும் நெடுஞ்சாலைத் துறையிலும் உழைத்தவர்கள். திண்டுக்கல் ஒரு சந்திப்பு ஊர். திருச்சியிலிருந்தும் கரூரிலிருந்தும் பழனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் பாதைகள் இங்கே ஒன்று கூடுகின்றன. எனவே, “அந்தக் காலத்திலே பெரிய மனிதர்கள் எல்லாம் கூரையில்லாத காரிலே போவார்களே, அது என்ன சொகுசு!” என்று ஒருவர் தொடங்குவார். “சொகுசாவது ஒன்றாவது, ஐயா! வண்டியை விட்டு இறங்கினால் புருவமெல்லாம் செம்புழுதியாக இருக்கும் என்று எங்கள் தகப்பனார் சொல்வார்” என்று மற்றொருவர் மறுப்பார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவற்றிற்குப் பின்னே இருக்கும் வரலாறு இருவரும் நினைப்பதைவிடச் சற்று நீண்டது. வண்டிக்குக் கூரை வந்த கதையையும், சாலைக்குக் கூரை போன கதையையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அது விளங்காது.

நம் நாட்டு வண்டிகளிலிருந்து தொடங்குவோம். மோட்டார் வருவதற்கு முன்பு, மனிதரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் பண்டங்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு கூரைதான். நெல்லும் வைக்கோலும் எருவும் ஏற்றிய கட்டை வண்டிக்குக் கூரை இல்லை. பெண்டு பிள்ளைகளோடு குடும்பம் பயணம் போகும் வண்டிக்குப் பாய் வளைத்த கூண்டு உண்டு. இரயிலடியிலே காத்திருந்த ஜட்கா வண்டியும் அவ்வாறே வளைந்த கூண்டு உடையது. திருவீதி உலா வரும் தெய்வத்திற்கும் குடை பிடிக்கின்ற நாடு இது. வெயிலிலே தலையைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் செல்வதை நம் முன்னோர் பெருமையாகக் கருதியதில்லை.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பழனி, உடுமலைப் பக்கத்தில் இன்றும் ஓடுகின்ற ரேக்ளா வண்டியே அது. இரண்டு காளைகள், இரண்டு சக்கரம், ஓர் ஓட்டி. கூரையும் இல்லை, பக்கச் சுவரும் இல்லை. வேகத்திற்கு இடையூறாகும் எல்லாவற்றையும் கழித்துவிட்டு எஞ்சியதுதான் ரேக்ளா. கொங்குப் பக்கத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் வகுத்து, நொடிக் கணக்கில் நேரம் பார்த்துப் பரிசளிப்பார்கள். கிழக்கே மதுரை, சிவகங்கைப் பக்கம் வந்தால், பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று வகை பிரித்துப் பல மைல் தூரம் சாலையிலேயே ஓட்டுவார்கள். 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு இப்பந்தயங்களையும் தடை செய்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் செய்தது. 2023 மே மாதத்தில் அத்திருத்தம் செல்லும் என்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. மேனாட்டார் விளையாட்டுக்கார் என்று சொல்லும் திறந்த வண்டிக்கு நம்மிடையே இணையானது ஒன்று உண்டென்றால் அது இந்த ரேக்ளாவே. போவதற்குக் கூண்டு வண்டி, பந்தயத்திற்குத் திறந்த வண்டி என்ற பாகுபாடு நமக்குப் புதிதன்று.

இந்தப் பாகுபாட்டைக் குலைத்தது மோட்டார். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டிற்கு வந்த கார்களில் மிகப் பலவும் திறந்தவை. மடக்கக்கூடிய துணிக்கூரை ஒன்று பின்னால் சுருண்டு கிடக்கும். மழை வந்தால் இறங்கி நின்று இழுத்து மாட்ட வேண்டும். இது ஆடம்பரத்தின் பொருட்டு அமைந்ததன்று. மரச்சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, தச்சனும் தகரவேலைக்காரனும் கையாலே செய்து முடிக்க வேண்டிய மூடிய உடல் விலை மிகுந்தது. திறந்த உடல் மலிவானது. 1908 முதல் 1927 வரை போர்டு நிறுவனம் செய்து குவித்த புகழ்பெற்ற டி வகை வண்டியின் பொது உருவமே திறந்த வண்டிதான். அமெரிக்காவில் 1919-இல் விற்ற வண்டிகளில் நூற்றுக்குப் பத்துத்தான் மூடியவை; 1927-இல் நூற்றுக்கு எண்பத்தைந்து மூடியவை. இடையிலே நிகழ்ந்தது யாது? எசெக்ஸ் என்ற வண்டியைச் செய்தவர்கள் மூடிய உடலை எளிமையாக்கி, மொத்தமாகச் செய்து, ஆண்டுக்கு ஆண்டு விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1925-இல் அவர்களுடைய மூடிய வண்டி திறந்த வண்டியைவிட ஐந்து டாலர் குறைவாகவே விற்றது. அன்றோடு திறந்த வண்டி ஏழையின் வண்டியாக இருந்த காலம் முடிந்தது. அதன்பிறகு கூரையில்லாமை ஒரு குறையாக இல்லாமல், விரும்பிப் பணம் கொடுத்து வாங்கும் பொருளாக மாறிற்று.

ஆகையால் முதற் பெரியவர் சொன்ன ‘சொகுசு’ பிற்காலத்துப் பொருள். அவர் மனத்தில் இருப்பது 1960-களின் திரைப்படத்துத் திறந்த கார். கூரை இருந்தால் நாயகன் முகத்திலும் நாயகி முகத்திலும் வெளிச்சம் விழாது. படம்பிடிக்கும் கருவிக்கும் வழி இராது. அதனால் காதற் பாட்டென்றால் கூரை கழன்றுவிட்டது. இரண்டாம் பெரியவருடைய தகப்பனார் கண்டதோ அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட வண்டி.

அவர் கண்ட சாலையையும் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். தார் இல்லை. கப்பிக்கல்லைப் பரப்பி, செம்மண் தூவி, நீர் தெளித்து, உருளையால் அழுத்திய சாலை அது. மாட்டு வண்டியின் இரும்புப் பட்டை அதை அரைத்துத் தூளாக்கும். மோட்டாரின் ரப்பர்ச் சக்கரம் அந்தத் தூளை உறிஞ்சி எடுத்து வானில் வீசும். வண்டியில் இருந்தவர்மேலும் அது படிந்தது. சாலையில் நடந்தவர்மேலும் படிந்தது. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-இல் ஒரே ஒரு பேருந்தை வாங்கித் தாமே ஓட்டத் தொடங்கினார் ஜி. டி. நாயுடு. பின்னாளில் புதுமைகள் பல கண்ட அவர் வாழ்வு புழுதியில்தான் தொடங்கிற்று என்று சொல்லலாம். மதுரையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே டி. வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்துத் தொழிலில் இறங்கிவிட்டார். அக்காலப் பேருந்துகளுக்கு மேலே கூரை உண்டு. பக்கத்தில் கண்ணாடி இல்லை. மழை வந்தால் படுதாவை இறக்கிக் கட்டுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கரியை எரித்து அந்த வாயுவால் ஓடிய வண்டிகளும் இச்சாலைகளிற் சென்றன. மூத்தவர் சிலர் ‘கரி பஸ்’ என்று இன்றும் சொல்வது அதைத்தான்.

சாலையைச் செப்பனிடப் பணம் எங்கிருந்து வரும் என்பது அன்றைய பெருங்கேள்வி. 1927-இல் ஜயகர் தலைமையில் அமைந்த குழு அதை ஆராய்ந்தது. பெட்ரோல்மீது கூடுதல் வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு சாலை போட வேண்டும் என்ற கருத்து அதிலிருந்து உருவாயிற்று. 1929-இல் அதற்கென மத்திய சாலை நிதி ஏற்பட்டது. புழுதியைக் கிளப்பியவரே புழுதியை அடக்கவும் பணம் கொடுக்க வேண்டும் என்ற இந்த ஏற்பாடு நியாயமானது என்றே நமக்குப் படுகிறது. ஆனால் கிராமப் பக்கங்களுக்குத் தார் வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

இனி மழைக்கும் வெயிலுக்கும் வருவோம். வண்டியின் கதையை இந்தச் சமவெளியில் தீர்மானித்தவை அவைதாம். திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழப் பத்தரைப் பாகையில் இருக்கிறது. எனவே ஆண்டில் இரு முறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு கடைசியிலும், நண்பகல் ஞாயிறு நேராகத் தலைக்கு மேலே வந்து நிற்கும். சித்திரை பிறந்த நான்கைந்து நாளில், மலைக்கோட்டைப் படியிலே நிற்கும் மனிதனின் நிழல் அவன் காலடியிலேயே அடங்கிப்போகும். தென்மேற்குப் பருவக்காற்று பழனி மலையிலும் மேற்குத் தொடர்ச்சியிலும் தன் ஈரத்தைக் கொட்டிவிட்டு, வெறுங்காற்றாய் இங்கே இறங்கும். ஆனியிலும் ஆடியிலும் கேரளத்தில் மழை கொட்டும்போது திண்டுக்கல்லில் பறப்பது மண்தான். இவ்வூருக்கு உரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. அதுவும் சில ஆண்டுகளில் வராது. சில ஆண்டுகளில் ஒரேயடியாக வந்து சேரும். 1977 நவம்பரில் வங்கக் கடலிலிருந்து வந்த புயல் உள்நாட்டிலே புகுந்து பெய்த மழையில் குடகனாற்று அணை உடைந்ததைப் பெரியவர்கள் மறக்கவில்லை. “அந்தக் காலத்து மழை இப்போது ஏது?” என்ற வாக்கியத்தை மட்டும் நாம் அவ்வளவாக நம்ப வேண்டியதில்லை. நம் தாத்தாக்களும் அதையே சொன்னார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைக் கண்டவர்கள்.

அப்பஞ்சத்தின் விளைவு ஒன்று, திண்டுக்கல் சமவெளிக்கு மேலே மலையுச்சியில் இன்றும் நிற்கிறது. மழை பொய்ப்பதற்குக் காரணம் ஞாயிற்றிடமே இருக்குமோ என்ற ஐயம் அக்காலத்து அறிஞர்களுக்கு இருந்தது. ஞாயிற்றின் முகத்திலே தோன்றும் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை கூடிக் குறைவதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க நாள்தோறும் ஞாயிற்றை நோக்க வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. சென்னையிலிருந்த வானாய்வுக்கூடத்தின் பணி மலைக்கு மாறி, 1901 முதல் கொடைக்கானலில் முறையான நோக்கல் நடைபெறத் தொடங்கிற்று. 1909 சனவரியில் எவர்ஷெட் என்னும் அறிஞர், கரும்புள்ளியிலிருந்து ஆவி வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். உலகத்து அறிவியல் நூல்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. கீழே பெரியவர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து மழை எப்போது என்று கேட்க, மேலே தொலைநோக்கி வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்! விடை முழுமையாக இருவருக்கும் கிடைக்கவில்லை என்பது வேறு செய்தி.

அம்மலைக்கு ஏறும் வழிதான் நம் பகுதியில் திறந்த காருக்கு உண்மையிலேயே ஏற்ற இடம். 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில் பல்லக்கிலும் நாற்காலியிலும் குதிரையிலும்தான் ஏற வேண்டும். 1875-இல் இரயில் பாதை திறந்த பின்னர் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடை ரோடு நிலையத்தில் இறங்கி, பெரியகுளத்துப் பக்கம் வரை மாட்டு வண்டியில் இரவெல்லாம் சென்று, அங்கிருந்து ஆள் தூக்க மலையேறினார்கள். ஏறியவர் பெருமையைப் பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். தூக்கியவர் தோளைப் பற்றி எழுதியவர் சிலரே. வத்தலக்குண்டு வழியாகச் செல்லும் மலைச்சாலை, அதை வகுத்த லா என்ற பொறியாளரின் பெயரால் வழங்குவது, முதல் உலகப் போரை ஒட்டித்தான் மோட்டாருக்குப் பயன்படலாயிற்று. சமவெளிக்கும் மலையுச்சிக்கும் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர வேறுபாடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகைக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே மூன்று மணி நேரப் பயணத்தில் பதினோரு பன்னிரண்டு பாகை குறைந்துவிடும். வத்தலக்குண்டில் வெந்துபோன மனிதன், பாதி மலையில் கூரையை மடக்கிவிட்டு மூச்சு வாங்குவான். ஒரே மாவட்டத்துக்குள் இங்கிலாந்தும் இருக்கிறது, சித்திரை வெயிலும் இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

இங்கிலாந்தின் பெயர் வந்ததால் அங்கே திறந்த வண்டி பிழைத்த காரணத்தையும் சொல்லிவிடலாம். அங்கே வெயில் அருமை. ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும் வெயிலை முழுவதும் அனுபவித்துவிட வேண்டும் என்ற ஆவல் அவர்களுக்கு உண்டு. 1924-இல் தோன்றிய எம்.ஜி. என்ற வண்டி அந்த ஆவலுக்கு உருக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டுக்கு அருகே அபிங்டன் என்ற சிற்றூரில் 1929 முதல் 1980 வரை அதைச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் வெளிவந்த டி.சி. வகையில் ஏறக்குறையப் பத்தாயிரம் வண்டிகளே செய்தார்கள். என்றாலும் அதை ஓட்டிப் பார்த்த அமெரிக்கப் போர்வீரர் அதன் புகழைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். 1989-இல் ஜப்பானியரின் மாஸ்டா நிறுவனம் அதே வகைச் சிறு திறந்த வண்டி ஒன்றைச் செய்து, 2016-க்குள் பத்து இலட்சத்தை எட்டிவிட்டது. மேனாடுகளில் இத்தகைய வண்டியை வாங்குவோரில் ஓய்வு பெற்றவர் கணிசமானோர். பிள்ளைகள் வளர்ந்து தனியே போய்விட்டார்கள். பின் இருக்கை இனி எதற்கு? இரண்டே இருக்கை, மேலே வானம். வயது முதிர்ந்த பின் வேகத்தைக் காதலிக்கும் இந்த மனப்பாங்கு நம்மவர்க்கு விந்தையாகத் தோன்றும். நம் ஊரில் ஓய்வு பெற்றவர் வாங்கும் வண்டிக்குப் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரும் ஏற இடம் வேண்டும்.

நம் நாட்டில் விளையாட்டுக் கார் வேரூன்றாததற்கு வெயில் மட்டுமே காரணமன்று. அரசாங்கக் கொள்கையும் ஒன்று. 1926-இல் போர்டும் 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவில் கிளை அமைத்து, வெளிநாட்டு உறுப்புகளைச் சேர்த்து வண்டி செய்தன. விடுதலைக்குப் பின், 1953-இல் தீர்வைக் குழு, உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்ய முன்வருவோர்க்கே இடம் என்று வரையறுத்ததும் அவை வெளியேறின. எஞ்சியவை குடும்பத்துக்கேற்ற இரண்டு மூன்று வகைக் கார்கள். துரைமாரும் தோட்ட முதலாளிகளும் சமஸ்தானாதிபதிகளும் விட்டுச்சென்ற பழைய திறந்த வண்டிகளைச் சென்னை இளைஞர் சிலர் செப்பனிட்டு, சோழவரத்தில் ஓட்டினார்கள். போர்க்காலத்தில் விமானம் இறங்க அமைத்த ஓடுபாதை அது. 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே நடத்திய பந்தயங்களுக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயச் சாலை ஏற்பட்டது. திண்டுக்கல் வாலிபர்க்கோ அவையெல்லாம் பத்திரிகைப் படங்களே.

திண்டுக்கல் கண்ட திறந்த வண்டி ஜீப். போருக்காகப் பிறந்த அவ்வண்டியைச் சுதந்திரத்தையொட்டிப் பம்பாயில் சேர்த்துச் செய்யலானார்கள். மேலே கித்தான், பக்கத்தில் ஒன்றுமில்லை. வருவாய்த் துறை அலுவலரும் காவல் துறையினரும் மலைத்தோட்டக்காரரும் அதில்தான் சென்றனர். தேர்தல் வந்தால் கித்தானையும் கழற்றிவிடுவார்கள். வேட்பாளர் நின்றுகொண்டே கைகூப்ப வேண்டுமே! 1973 மே மாதத்தில் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு நடந்த இடைத்தேர்தல், ஏழு மாதங்களுக்கு முன் தொடங்கிய எம்.ஜி.ஆரின் கட்சிக்கு முதல் வெற்றியைத் தந்தது. அக்கட்சியின் வேட்பாளர் மாயத்தேவர் நின்ற இரட்டை இலைச் சின்னம் அன்றுமுதல் நிலைத்துவிட்டது. அந்தக் கோடையைப் பற்றிப் பேசும் பெரியவர்கள், வாக்குக் கணக்கைவிட, வெயிலில் சாலையோரம் மணிக்கணக்காக நின்றதையே விரிவாகச் சொல்வார்கள். தலைவர் முகத்தை மக்கள் காண்பதற்கு வண்டியின் கூரை அகல வேண்டும். அந்த நேரம்வரை காத்து நிற்பதற்கோ மக்களுக்கு ஒரு கூரை வேண்டும்.

அக்கூரை அன்று இருந்தது, அது புளியமரம். நாயக்கர் ஆட்சியில் 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகள் அமைத்து, மரங்கள் நட்டு, சத்திரங்கள் எடுத்ததால், தென்பாண்டிச் சாலைகள் பலவற்றிற்கு மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பின்வந்த கும்பினி ஆட்சியும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. படையும் நிழலில்தானே நடக்க வேண்டும்! புளி, வேம்பு, ஆல், மருது என்று இருமருங்கும் மரங்கள் நின்று, உச்சியில் கிளை கோத்து, சாலைக்கே ஒரு கூண்டு வளைத்தன. மரங்களுக்கு எண் எழுதி, வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை தீட்டி, ஆண்டுதோறும் புளியம்பழத்தை ஏலம் விடுவது அரசாங்கத்தின் வழக்கம். திறந்த வண்டியில் சென்றவன் பிழைத்தது இந்தக் கூண்டினால்தான். புழுதி விழுங்கினான்; வெயில் அவனை விழுங்கவில்லை. கூண்டு வண்டியில் போனவனுக்கும், கட்டை வண்டியில் போனவனுக்கும், காலால் நடந்தவனுக்கும் அக்கூரை பொதுவாக இருந்தது.

1983 டிசம்பரில் மாருதிக் கார் வெளிவந்தது. பின்வந்த ஆண்டுகளில் சிறு கார் பெருகிற்று, காருக்குள் குளிர்சாதனம் வழக்கமாயிற்று, கண்ணாடி மேலேறிற்று. 2000-க்குப் பின் திருச்சி, மதுரைச் சாலைகள் நான்கு வழியாக அகன்றன. இருமருங்கும் நின்ற மரங்கள் அகற்சிக்குள் அகப்பட்டன. விபத்துக் குறையவும் விரைவு கூடவும் சாலை அகல வேண்டியிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பழைய குறுகிய சாலையில் மரத்தில் மோதி மாண்டவர் பலர் என்பதையும் நெடுஞ்சாலைத் துறையில் உழைத்த பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்ற பேச்சு நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. நட்டவை பெரும்பாலும் நடுத்திட்டில் அரளி. அரளி பூக்கும், எதிர்வண்டியின் விளக்கொளியை மறைக்கும், நிழல் தராது.

ஆக, தனித்தனி வண்டிக்குக் கூரை வந்த காலத்தில் பொதுச் சாலையின் கூரை போயிற்று. இரண்டும் ஒன்றால் ஒன்று விளைந்தன என்று நாம் கூறவில்லை. ஆனால் மூடிய கண்ணாடிக்குள் குளிர்காற்றில் செல்பவனுக்கு மரம் போனது தெரிவதில்லை என்பதும், திறந்த வண்டியில் சென்றிருந்தால் முதல் நாளே அவன் கூக்குரலிட்டிருப்பான் என்பதும் உறுதி. 2010-இல் வெளிவந்த தார் என்ற வண்டி ஜீப்பின் வழித்தோன்றல். கூரை கழற்றக்கூடிய வகையும் அதில் உண்டு. எனினும் பெரியவர்களின் பேரன்மார் திண்டுக்கல்லில் ஓட்டிச் செல்பவை பெரும்பாலும் கெட்டிக் கூரை போட்டவையே. கூரையில்லாத வண்டியை வாங்கிக் கொடைக்கானல் மலைப்பாதையில் மட்டும் ஓட்டுவது பொருளாதாரத்துக்கு ஒவ்வாது.

இன்று அச்சாலைகளில் வானத்தையே கூரையாகக் கொண்டு செல்பவர் இரு சக்கர வண்டிக்காரர். அவருக்கும் அப்பால் பழனிக்கு நடப்பவர். தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் மதுரைப் பக்கமிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் திரள் திரளாக வரும் அடியார்கள் திண்டுக்கல்லைக் கடந்து ஒட்டன்சத்திரம் வழியாகச் செல்கின்றனர். தையில் வெயில் பொறுக்கும். பங்குனியில் தார் உருகும். செருப்பில்லாத கால் அதைத் தாங்காது. சில இடங்களில் அவர்களுக்கென்று தனி நடைபாதை போட்டிருக்கிறார்கள். பந்தல் போட்டு மோர் வார்ப்பவர்களும் உண்டு. என்றாலும் பலர் பகலில் சத்திரத்திலும் கோயில் மண்டபத்திலும் படுத்துவிட்டு, பொழுது சாய்ந்த பிறகே புறப்படுகிறார்கள். இருட்டிலே விரைந்து வரும் மூடிய வண்டிகளின் ஓட்டிகளுக்குத் தெரியும்பொருட்டு, ஒளி பட்டால் மின்னும் சிறு பட்டைகளைக் காவல் துறையினர் அவர்களுடைய தோள்பையின் பின்புறம் ஒட்டி அனுப்புகின்றனர்.